அந்த நாலு பேர்... ஆட்டிசம் பிள்ளைகளுக்கு ஏன் ஒரு குழு தேவை?

கடைக்குப் போய் ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கி வருவதில் எத்தனை வேலை இருக்கிறது?

செருப்பைப் போட வேண்டும். பணத்தைப் பத்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டும். ரோட்டு ஓரமாக நடக்க வேண்டும். வண்டி வருகிறதா என்று பார்த்துக் கடக்க வேண்டும். கடையில் முன்னால் நிற்பவர்கள் வாங்கி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். கடைக்காரர் எப்போது திரும்புவார் என்று சமயம் பார்க்க வேண்டும். எந்த பிஸ்கட், எத்தனை பாக்கெட் என்று சொல்ல வேண்டும். பணத்தைக் கொடுக்க வேண்டும். மிச்சத்தை எண்ணி வாங்க வேண்டும். வழியில் பிரிக்காமல் வீடு வந்து சேர வேண்டும். ஆக, பத்து வேலை!

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் இருக்கிறது பிரம்மதேசம். அந்த ஊரில் 13 வயதுப் பையன் ஒருவன் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஆட்டிசம் உள்ளவன். அந்தச் சாலையில் எந்த பஸ் எத்தனை மணிக்கு வரும் என்பது அவனுக்கு மனப்பாடம். இந்தப் பத்து வேலையையும் அம்மா வீட்டுத் திண்ணையில் கடை வைத்து விளையாடி, மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்திருக்கிறார். பத்தும் அவனுக்கு வரும்.

ஒருநாள் நிஜக் கடைக்கு அனுப்புகிறார். எல்லாம் சரியாகத்தான் போகிறது. மிச்சம் தர வேண்டிய நேரத்தில் கடைக்காரர், “சில்லறை இல்லப்பா... மிட்டாய் தரட்டா?” என்கிறார். அவ்வளவுதான். அம்மா வைத்த திண்ணைக் கடையில் சில்லறை ஒருநாளும் தீர்ந்ததில்லை. அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். ஓடிவந்த அம்மாவிடம், “இன்னாம்மா புள்ள வளத்துருக்க?” என்று ஒரு குரல்.

மறுநாளிலிருந்து அம்மாவே கடைக்குப் போகிறார். பிறகு கோயில் திருவிழாவுக்கு அவனை அழைத்துப் போவது நிற்கிறது. கல்யாண வீடுகளும் நிற்கின்றன. “நாலு பேர் என்ன நினைப்பாங்க?” என்ற ஒரே கேள்விதான் காரணம்.

ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளின் உலகம் இப்படித்தான் ஒரு வீட்டுக்குள் சுருங்குகிறது. அதைத் திரும்ப விரிக்கவும் நாலு பேர்தான் தேவைப்படுகிறார்கள். அவன் வயதையொட்டிய நாலு பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள்.

தெரபி அறையில் கிடைக்காதது

ஆட்டிசம் ஒரு நோய் அல்ல. மூளையின் வளர்ச்சியில் பிறவியிலேயே இருக்கும் வேறுபாடு. 1943-ல் லியோ கேனர் என்ற மருத்துவர் இதைப் பற்றி விரிவாக எழுதினார். 2021-ல் உலகில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. நம் நாட்டின் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று.

கண்டறிந்ததும் பெற்றோர் முதலில் ஓடுவது ஸ்பீச் தெரபிக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும்தான். அவை அவசியம். ஆனால், அந்த அறையில் இருப்பது ஒரு பிள்ளையும் ஒரு தெரபிஸ்டும் மட்டுமே. தெரபிஸ்ட் பொறுமையாகப் பேசுவார். குறுக்கே புக மாட்டார். பொம்மையைப் பிடுங்க மாட்டார். கேலி செய்ய மாட்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளை இது எல்லாவற்றையும் செய்யும்!

தன் முறை வரும்வரை காத்திருப்பது, தோற்றால் தாங்கிக்கொள்வது, ‘வேண்டாம்’ என்று சொல்வது, அடுத்தவர் ‘வேண்டாம்’ என்றால் நிறுத்துவது... இவற்றைப் பழக இன்னொரு பிள்ளை வேண்டும். உலகம் முழுக்க ஆட்டிசம் பிள்ளைகளுக்காகச் சமூகத் திறன் குழுக்கள் நடத்தப்படுவது இதற்காகத்தான்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எலிசபெத் லாகசன், ஃபிரெட் ஃபிராங்கெல் இருவரும் உருவாக்கிய ‘பியர்ஸ்’ என்ற பயிற்சி இதில் பிரபலம். டீன் ஏஜ் பிள்ளைகள் வாரம் ஒருமுறை, சுமார் நான்கு மாதங்கள் கூடுகிறார்கள். அதே நேரத்தில் பக்கத்து அறையில் பெற்றோருக்கும் வகுப்பு. நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் எப்படிச் சேர்வது என்பதுகூட அங்கே பாடம். முதலில் சற்றுத் தள்ளி நின்று கவனி. எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கேள். பேச்சு ஓயும் இடைவெளிக்குக் காத்திரு. அதே விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிச் சேர்ந்துகொள். மற்ற பிள்ளைகள் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்ளும் இதை, ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் படிப்படியாகச் சொல்லித் தர வேண்டியிருக்கிறது.

பல்லாங்குழியும் எலுமிச்சை ஜூஸும்

சின்னப் பிள்ளைகளின் குழுவுக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. நான்கைந்து பிள்ளைகள், இரண்டு பெரியவர்கள், வாரத்தில் ஒருநாள், ஒரு மணி நேரம். ஒவ்வொரு வாரமும் அதே இடம், அதே நேரம். ரைஸ் மில்லுக்கோ ஒலிபெருக்கிக்கோ பக்கத்தில் இல்லாத இடமாக இருப்பது முக்கியம். பல பிள்ளைகளுக்குச் சத்தம் காதில் ஊசியாகக் குத்தும். தாங்க முடியாதபோது போய் உட்கார ஒரு மூலையில் பாய் விரித்திருக்க வேண்டும்.

அன்று நடக்கப்போவது எல்லாம் சுவரில் படமாக ஒட்டப்பட்டிருக்கும். முதலில் வணக்கம், பிறகு விளையாட்டு, பிறகு தின்பண்டம், பிறகு வீடு. ஒன்று முடிந்ததும் பிள்ளையே அந்தப் படத்தை எடுத்துப் பெட்டியில் போடும். அடுத்தது என்ன என்று தெரிந்துவிட்டால் பாதிப் பதற்றம் குறைந்துவிடும்.

விளையாட்டுக்கு வெளிநாட்டுப் பொம்மைகளைத் தேட வேண்டியதில்லை. பாட்டியிடம் இருக்கும் பல்லாங்குழியே போதும். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் ஆடி முடிக்கும்வரை மற்றவர் கை நீட்டக் கூடாது. எண்ண வேண்டும். சோழி தீர்ந்தால் தோல்வி. காத்திருத்தல், கவனித்தல், தோற்றல் மூன்றும் ஒரே பலகையில் இருக்கின்றன. தாயம், பரமபதம் எல்லாமே இதே வகைதான்.

தின்பண்ட நேரம்தான் வாழ்க்கைத் திறன் வகுப்பு. எலுமிச்சை ஜூஸையே எடுத்துக்கொள்ளலாம். பழத்தைக் கழுவுவது ஒரு பிள்ளை. பிழிவது இன்னொன்று. சர்க்கரை அளப்பது மூன்றாவது. ஒரு சிட்டிகை உப்பு போடுவது நான்காவது. ஒருவர் முடிக்காமல் அடுத்தவர் தொடங்க முடியாது. ஊற்றிக்கொடுக்கும் பிள்ளை ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, “உனக்கு வேணுமா?” என்று கேட்க வேண்டும். பேச்சு வராத பிள்ளை டம்ளர் படத்தைக் காட்டிக் கேட்கலாம். அதுவும் பேச்சுதான்.

வார்த்தைகளில் பெரியவர்களுக்குத்தான் கவனம் வேண்டும். “அடுப்புல பால் இருக்கு, பாத்துக்க” என்று சொல்லிவிட்டுப் போனால், பால் பொங்கி வழிவதை அந்தப் பிள்ளை நன்றாகப் பார்த்துக்கொண்டே நிற்கும். சொன்னதைத்தான் செய்தது! “பால் பொங்குனா அடுப்ப அணைச்சிடு” என்று சொல்லியிருக்க வேண்டும். அதேபோல, “கொஞ்ச நேரம் இரு” என்றால் எவ்வளவு நேரம்? கடிகாரத்தில் பெரிய முள் எங்கே வரும்வரை என்று காட்டினால் காத்திருக்கும்.

எல்லோரும் மாமா என்றால்...

வயது 12, 13 ஆனதும் குழுவின் பாடம் மாறுகிறது. உடல் வளர்ந்துவிடுகிறது. பத்து வயதில் யார் மடியிலும் ஏறி உட்கார்ந்தால் சிரித்தவர்கள், பதினைந்து வயதில் அதையே செய்தால் அடிக்க வருவார்கள்.

இங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்று ஆட்டிசம் பிள்ளைகளைக் குழப்புகிறது. அம்மாவின் தம்பி மாமா. கண்டக்டரும் மாமா. வழியில் பார்த்தே இராத ஆளும், “மாமாவுக்கு வணக்கம் சொல்லு” என்றால் மாமா. வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு யாரோடு எவ்வளவு நெருங்கலாம் என்பது எப்படித் தெரியும்? அதனால் குழுவில் வட்டம் போட்டுக் காட்டுகிறார்கள். நடுவட்டத்தில் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி. அவர்களைக் கட்டிப்பிடிக்கலாம். அடுத்த வட்டத்தில் சொந்தக்காரர்கள், டீச்சர். கை குலுக்கலாம். அதற்கடுத்த வட்டத்தில் கடைக்காரர், கண்டக்டர். கும்பிடு போதும். வெளியே இருப்பவர் தொட வந்தால் “வேணாம்” என்று கத்திவிட்டு, நடுவட்டத்தில் இருப்பவரிடம் வந்து சொல்ல வேண்டும். போட்டோ ஒட்டிய இந்த வட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, நடித்துப் பழக வேண்டும். குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098 என்ற இலவச எண் இருப்பது பெற்றோருக்கும் நினைவில் இருக்கட்டும்.

“சாப்புடலன்னா போலீஸ் மாமா புடிச்சிட்டுப் போயிடுவாரு” என்று மிரட்டும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். தொலைந்துபோனால் அந்தப் பிள்ளையைத் தேடி வரப்போவதே போலீஸ்தான். அவரைப் பார்த்துப் பிள்ளை ஒளிந்துகொண்டால் என்ன செய்வது?

பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் பற்றிய பயிற்சி, அது வருவதற்கு முன்பே தொடங்க வேண்டும். நாப்கினைப் பிரிப்பது, உள்ளாடையில் ஒட்டுவது, மாற்றுவது, பேப்பரில் சுற்றிப் போடுவது என ஒவ்வொரு படியையும் படமாகக் காட்டி, சிவப்புச் சாயம் விட்டுப் பழக்கினால் அந்த நாளில் பயம் இருக்காது. ஆண் பிள்ளைகளுக்கு, எதைக் கதவு சாத்திய அறையில் மட்டுமே செய்யலாம் என்பது பாடம். வீட்டில் பேசக் கூச்சப்படும் இந்த விஷயங்களை, இதே நிலையில் இருக்கும் இன்னும் நாலு அம்மாக்களோடு உட்கார்ந்து பேசும்போது கூச்சம் பாதியாகிறது.

பிறகு பஸ். தமிழக அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021 முதல் மாற்றுத்திறனாளிகளும் துணைக்கு வருபவரும் இலவசமாகப் போகலாம். இதைவிடச் செலவில்லாத வகுப்பறை கிடைக்காது. முதல் வாரம் பஸ் ஸ்டாப்பில் நிற்பது மட்டும். அடுத்த வாரம் ஒரே ஒரு ஸ்டாப். எங்கே இறங்க வேண்டும் என்று பிள்ளையே சொல்ல வேண்டும். சில்லறை இல்லாத கடை, வராத பஸ், ஆள் உட்கார்ந்திருக்கும் ஜன்னல் சீட்... எதிர்பார்த்தது நடக்காவிட்டால் என்ன செய்வது என்பதை நடித்துப் பழகுவதுதான் இந்த வயதுக் குழுவின் பெரிய பாடம்.

தண்ணீர் என்றால் ஜாக்கிரதை

இந்தக் கடற்கரைக்கு இன்னொரு பாடம் கட்டாயம். 2012-ல் ‘பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், ஆட்டிசம் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர், 4 வயதுக்குப் பிறகு ஒருமுறையாவது சொல்லாமல் கிளம்பிப் போக முயன்றதாகப் பெற்றோர் சொன்னார்கள். அப்படிப் போகும் பிள்ளைகள் பலரைத் தண்ணீர் இழுக்கிறது. அவர்களின் உயிரிழப்புகளில் நீரில் மூழ்குவதே முதன்மைக் காரணமாக இருக்கிறது.

மரக்காணம் பக்கம் எங்கே திரும்பினாலும் தண்ணீர். கடல், கழுவேலி ஏரி, பக்கிங்காம் கால்வாய், உப்பளத்துக்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால்கள், வயல் கிணறுகள். அதனால், ‘நில்’ என்றால் நிற்பது இங்கே உயிர் காக்கும் பாடம். அதை விளையாட்டாகவே பழக்கலாம். பாட்டு நின்றதும் எல்லோரும் சிலையாக வேண்டும். வீட்டில் பழகி, தெருவில் பழகி, கடைசியில் வரப்பில் கையைப் பிடித்துக்கொண்டு பழக வேண்டும். முடிந்தால் நீச்சலும் கற்றுக்கொடுக்க வேண்டும். பேச்சு வராத பிள்ளையின் சட்டைப்பையிலோ, கையில் கட்டும் பட்டையிலோ பெற்றோரின் போன் நம்பர் எப்போதும் இருக்க வேண்டும்.

மாற வேண்டியது யார்?

குழு என்றதும் ஒரு ஆசை வருவது இயல்பு. ‘எல்லாப் பிள்ளையைப் போல ஆகிவிடுவான்’ என்ற ஆசை. அங்கேதான் நிதானம் தேவை. கண்ணைப் பார்த்துத்தான் பேச வேண்டும், கையை ஆட்டவே கூடாது என்று அடக்கி வளர்க்கப்பட்ட பலர், நாள் முழுக்க நடித்து நடித்துக் களைத்துப்போனதைப் பெரியவர்களான பிறகு எழுதியிருக்கிறார்கள். கையை ஆட்டுவது யாருக்கும் தீங்கில்லை. பதற்றத்தைத் தணிக்க அந்தப் பிள்ளை கண்டுபிடித்த வழி அது.

ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டிஷ் ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். புரிந்துகொள்வதில் சிக்கல் இரண்டு பக்கமும் இருக்கிறது என்றார் அவர். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவரைப் புரிவது எவ்வளவு கடினமோ, அதே அளவு மற்றவருக்கும் அவரைப் புரிவது கடினம். அப்படியானால் பயிற்சி இரண்டு பக்கமும் வேண்டும்.

கிராமத்துக்கு இதில் ஒரு வசதி உண்டு. நகரத்துக் குழுக்களில் அடிக்கடி வரும் புகார், அறைக்குள் கற்றது வெளியே வருவதில்லை என்பதுதான். கிராமத்தில் வெளியே என்பது ஒரே ஒரு கடை, ஒரே ஒரு பஸ் ஸ்டாப், தெரிந்த முகங்கள். அம்மா முதல்நாளே போய், “அண்ணே, எம்புள்ளைக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் நேரமாவும். அவசரப்படுத்தாதீங்க. சில்லறை இல்லன்னா எங்கிட்ட அப்புறமா குடுங்க” என்று சொல்லிவைக்கலாம். பெரும்பாலான கடைக்காரர்கள் கேட்டுக்கொள்வார்கள். யாரும் அவர்களிடம் சொல்வதில்லை என்பதுதான் விஷயம்.

எங்கே தொடங்குவது?

பெரிய மையங்கள் தூரத்தில் இருப்பது உண்மை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உடையோருக்காக மத்திய அரசு 2005-ல் தொடங்கிய தேசிய நிறுவனம் இருக்கிறது. தெற்கே புதுச்சேரியில், 2003-ல் தொடங்கிய சத்யா சிறப்புப் பள்ளி. ஆனால், மரக்காணம் பக்கம் பல குடும்பங்களுக்கு உப்பளம்தான் வருமானம். வெயில் ஏறுவதற்கு முன் வேலைக்குக் கிளம்ப வேண்டும். போகாத நாளுக்குக் கூலி இல்லை. வாரந்தோறும் முட்டுக்காட்டுக்கு யாரால் போய்வர முடியும்?

தூரத்து மையத்தில் மதிப்பீடும் வழிகாட்டலும் எப்போதாவது பெற்று, வாராந்தரப் பயிற்சியை ஊரிலேயே வைத்துக்கொள்வதுதான் நடக்கக்கூடிய வழி. அது நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-ல் எஸ்.ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம், மையத்துக்கு வர முடியாத பிள்ளைகளுக்காகப் பயிற்சி பெற்ற பணியாளர்களைக் கிராமங்களுக்கே அனுப்புகிறது. வீட்டிலேயே பெற்றோருக்கும் கற்றுத் தருகிறது.

பிரம்மதேசத்தில் இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மரக்காணம் வட்டார வள மையத்தை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒவ்வொரு வட்டாரத்திலும் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர்கள் உண்டு. சுற்றுவட்டாரத்தில் இதே போன்ற பிள்ளைகள் எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் மூலம் இன்னும் நாலு குடும்பங்களிடம், சேர விருப்பமா என்று கேட்கச் சொல்லலாம். பள்ளி விடுமுறை நாளில் ஒரு வகுப்பறை கேட்கலாம். அண்ணன், தங்கைகளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. வடகிழக்குப் பருவமழையில் உப்பளம் ஓய்ந்திருக்கும் மாதங்கள், பெற்றோர் வீட்டில் இருக்கும் மாதங்கள். தொடங்க அதுவே நல்ல சமயம்.

நாலு பெற்றோர் கூடினால் காகித வேலையும் சுலபமாகும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு எப்படி விண்ணப்பிப்பது, 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான ‘நிராமயா’ மருத்துவக் காப்பீட்டை எப்படிப் பெறுவது, 18 வயதுக்குப் பிறகு தேவைப்பட்டால் கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் சட்டப்படியான பாதுகாவலரை எப்படிக் கேட்பது என்று, முன்னால் போனவர் பின்னால் வருபவருக்குச் சொல்லலாம்.

ஆட்டிசம் பிள்ளையைப் பெற்றவர்களைத் தூங்கவிடாத கேள்வி ஒன்றுதான். “எங்களுக்கு அப்புறம் இவனுக்கு யார்?” ஒரு குழுவால் அதற்கு முழுப் பதில் தர முடியாது. ஆனால், தானே குளிக்க, தானே சோறு போட்டுச் சாப்பிட, பஸ் ஏறி இறங்க, உதவி வேண்டும் என்று கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்தக் கேள்வியின் பாரம் குறைவு. அவனை அறிந்த நாலு வீடுகள் ஊரில் இருந்தால் இன்னும் குறைவு.

அந்தப் பையன் மறுபடியும் ஒருநாள் கடைக்குப் போவான். இந்த முறை குழுவில் பழகிய இன்னொரு பையனும் கூட வருவான். கடைக்காரர் சில்லறை இல்லை என்பார். அவன் காதைப் பொத்திக்கொள்வான். கொஞ்ச நேரம் ஆகும். பிறகு, சட்டைப்பையிலிருந்து குழுவில் செய்துகொடுத்த அட்டையை எடுத்து நீட்டுவான். ‘மிச்சத்தை அம்மாவிடம் கொடுங்கள்’ என்று அதில் எழுதியிருக்கும்.

பின்னால் நிற்கும் நாலு பேர் அந்தக் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டால் போதும்.